எண்ணெய் வைக்கும் கை

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருக்க வழியும் இல்லை. அப்பா பச்சியப்பன் பஸ் கண்டக்டர். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலை ஏறும் வண்டியில் வேலை. முன்படியில் தொங்குகிறவனைப் பின்படியில் நின்றுகொண்டே திட்டி உள்ளே ஏற்றுகிற குரல் அவருடையது. அம்மா ராணியம்மாள் மாவு மில் நடத்தினாள். வீட்டின் முன்பாதி மில், பின்பாதி குடித்தனம். பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டால் எதிரில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் "கேவுறா, கம்பா?" என்று கேட்பதைக்கூட அம்மா ஏதோ பஞ்சாயத்துக்கு இழுப்பது போலத்தான் கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பயந்துபோய்த்தான் பையை நீட்டுவார்கள்.

இந்த இருவருக்கும் பிறந்த நானும் தம்பி இளம்பரிதியும் வேறு எப்படி இருப்போம்? நான் இப்போது ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்தால் மேடைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கணவர் குமார் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாங்கள் நாலு பேரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஏதோ பங்காளிச் சண்டை என்று நினைத்து நாகரிகமாக வாசலில் போய் நின்றுகொண்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ரசத்துக்குப் புளி போதுமா என்பதைப் பற்றி.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நேரம் மட்டும் சத்தம் இருக்காது. அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சும் நாளில், சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன்னால் வருகிற நேரம் அது. "உஸ்" என்பாள். மில் நின்றிருக்கும். அப்பா ரேடியோவை அணைப்பார். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புக்கு எதிரில் குந்தியிருப்போம். பழைய வேட்டித் துணியில் திரித்த ஒரு திரியை அம்மா எண்ணெயில் நனைத்து, அடுப்பில் காட்டிப் பற்றவைத்து, காதோரம் பிடித்துக்கொள்வாள். திரி பட் பட்டென்று வெடித்தால் எண்ணெயில் இன்னும் ஈரம் இருக்கிறது. வெடிக்காமல் எரிந்தால் ஈரம் முழுக்கப் போய்விட்டது, இறக்கிவிடலாம். விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் அந்த அமைதியை நான் வேறு எங்கேயும் கண்டதில்லை. சாமி கும்பிடும்போது கண்ணை மூடினால் எனக்கு இன்றைக்கும் அந்த அடுப்படிதான் வருகிறது. சொன்னால் அம்மா திட்டுவாள், அதனால் சொன்னதில்லை.

எண்ணெய் காய்ச்சப் போகிறாள் என்றால் முதல் நாளே எங்களுக்குக் கால் தரையில் நிற்காது. சாக்கை எடுத்துக்கொண்டு வாணியாற்றுக் கால்வாய் ஓரமாகப் போய்க் கரிசலாங்கண்ணி பறிப்போம். பறித்த விரலெல்லாம் கறுத்துவிடும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். கறிவேப்பிலையும் மருதாணியும் வேலியிலேயே இருந்தன. மலை நெல்லிக்காய் அப்பாவின் வண்டியில் வரும். சித்தேரியிலிருந்து இறங்குகிற யாராவது "கண்டக்டர் வூட்டம்மாவுக்கு" என்று ஒரு பையை அவர் சீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வெந்தயமும் வெட்டிவேரும் மட்டும்தான் கடையில் வாங்குவது.

கழுவிய இலையைத் துணியில் பரப்பி நீர் வடிய விட்டு அம்மியில் அரைப்பாள். ஊருக்கே மாவு அரைத்துக் கொடுக்கிறவள் தன் வீட்டு இலையை அம்மியில் வைத்து இழுப்பதைப் பார்த்து, அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் அத்தை கோவிந்தம்மாள் கேலி செய்வாள். "ஏன்டி ராணி, அத்தாம் பெரிய மில்லு இருக்குது, கையி ஒடிய அரைக்கிற?" அம்மா நிமிர மாட்டாள். "மொளகா அரைச்ச கல்லுல எலைய போட்டா தலைய யாரு குடுப்பா? நீங்க குடுக்கறீங்களா அண்ணி?" அத்தை தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அரைத்த விழுதைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து அடுப்பில் ஏற்றினால், முதலில் சட்டி சளசளவென்று ஒரே கூச்சல். தீயை அடக்கி வைத்துக் கிளறக் கிளறக் கூச்சல் குறைந்துகொண்டே வரும். பச்சை வாசனை போய், ஒரு கறுத்த வாசனை, வெந்தயமும் வெட்டிவேரும் கலந்தது, மெல்ல எழுந்து மில்லின் மிளகாய் நெடியையும் மீறித் தெருவுக்குப் போகும். அடியில் இறங்கும் சக்கையைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்கிறவர்கள் உண்டு. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "வெந்தியம் போட்ட சக்கை சீக்கிரமா மணலாயிரும். அது பொய்யி சொல்லும். திரி பொய்யி சொல்லாது" என்பாள். ஈரம் நிறைய இருந்தால் திரியில் பொறி பறக்கும், அது குருடனுக்கும் தெரியும். கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அது சத்தம் மட்டும்தான் போடும்.

எடுத்து வைப்பதிலும் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, மில்லின் தகரக் கூரையில் கையில் பிடிக்க முடியாத சூடு ஏறும்வரை காயவைப்பாள். எண்ணெய் நன்றாக ஆறிய பிறகுதான் வடிகட்டி ஊற்றுவாள். உடனே மூடி போட மாட்டாள், வாயில் துணியைக் கட்டிவிட்டு மறுநாள்தான் மூடி. "சூட்டோட மூடுனா பாட்டிலு அழுவும். அழுத பாட்டிலு நாறும்" என்பது அவள் சொல். பிறகு அந்தப் பாட்டில்களைக் கேழ்வரகு டிரம்முக்குள் கழுத்தளவு புதைத்துவிடுவாள். வெயில் இல்லை, வெளிச்சம் இல்லை, குளுகுளுவென்று இருக்கும். களிக்குக் கேழ்வரகு எடுக்கப் போனால் உள்ளே நாலைந்து தலைகள் வரிசையாக நின்று நம்மைப் பார்ப்பது போல இருக்கும். அடுத்த வருடம் காய்ச்சும்வரை அந்த எண்ணெயின் வாசனை மாறாது.

வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். மில்லில் ஆள் நிற்கும்போதே ஒரு மணையைப் போட்டு உட்காரவைத்து என் தலையில் உள்ளங்கையால் அடித்து அடித்து எண்ணெய் இறக்குவாள். அடியின் நடுவிலேயே "தே, அந்தப் பையி யாருது? மொதல்ல அது!" என்று வாசலைப் பார்த்துக் கத்துவாள். அந்தக் கையும் அந்தக் கத்தலும் சேர்ந்துதான் எனக்கு அம்மா. இப்போது ஓசூரில் நானே எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். தலையில் எண்ணெய் இருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் கெடாத கை என்பதால் அந்தக் கைக்கு ஊரில் வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எண்ணெய் வைப்பது உண்டு. அருகம்புல்லை எண்ணெயில் தொட்டு உச்சியில் வைத்து வாழ்த்துவார்கள். உறவுப் பெண்கள் வரிசையாக வைப்பார்கள் என்றாலும், முதல் கை யாருடையது என்பதில்தான் எல்லாமே. "ராணியம்மா கைபட்டா நீடிக்கும்" என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. மில்லை நிறுத்திவிட்டு, மாவு படிந்த முடியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டிலோடு அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவாள். அன்றைக்கு அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்த எண்ணெய்தான் மூன்று வருடங்களுக்கு முன் கெட ஆரம்பித்தது.

முதல் முறை எனக்கு வந்த பாட்டிலைத் திறந்தபோதே காறல் அடித்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கி நின்றது, கழுத்தருகே வெள்ளையாகப் பூஞ்சை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை, உடனே போன் போட்டுக் கத்திவிட்டேன். அம்மா தேங்காய் எண்ணெய்க்காரனைக் குற்றம் சொன்னாள். அடுத்த முறை பாட்டிலைக் குற்றம் சொன்னாள். அதற்கடுத்த முறை மழையை. எண்ணெய்க்காரனை மாற்றினாள், பாட்டிலை மாற்றினாள், மழைக்குத் தப்பிச் சித்திரை வெயிலில் காய்ச்சினாள். அப்படியும் கெட்டது.

அதன் பிறகு அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தன் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் அர்ச்சுனன் என்கிற எங்கள் உறவுக்காரரின் மகள், கல்யாணத்தில் அம்மா கையால் முதல் எண்ணெய் வைத்துக்கொண்ட பெண், புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள். அவன் குடித்துவிட்டு அடித்தான், அவள் வந்தாள். இதில் எண்ணெய்க்கு என்ன வேலை? ஊரில் ஒருவரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கைராசி போய்விட்டதென்று. மில்லை அதற்கு முன்பே முட்டிவலி என்று வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாள். இப்போது கல்யாண வீடுகளிலிருந்து கூப்பிட வந்தால், முட்டிவலியைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

இந்த நிலையில்தான் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் முகூர்த்தம். பெண் கலைமதி, பாப்பாரப்பட்டிப் பக்கம். நாங்கள் புடவை எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள், "மொத எண்ணெ கோவிந்தம்மா அண்ணி வெக்கட்டும். நான் வெக்கல."

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தான். "ஊருல இருக்கறவன் புள்ளைக்கெல்லாம் வெச்ச. எனக்கு வெக்க மாட்டியா?"

"அதுக்குத்தான்டா வெக்கல" என்றாள் அம்மா. "ஊருல இருக்கறவன் புள்ளையே திரும்பி வந்துருச்சு. எம் புள்ள வாழ வேணாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படித்தவள் என்கிற கர்வத்தில், மூடநம்பிக்கை, அது இது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். என் பிரசங்கம் முடிந்ததும் அம்மா, "நீ சொல்றது சரிதான், ஆனா தக்காளி இப்ப வெலை ஏறிப்போச்சு" என்றாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசியில் அப்பாதான் சமாதானம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடியில் இன்னொரு முறை காய்ச்சுவது. அது கல்யாணம்வரை கெடாமல் இருந்தால் அம்மாவே வைப்பது. கெட்டால் அத்தை. அம்மா அதற்கு ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டாளே தவிர, அவளுக்கு அதில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

காய்ச்சுகிற நாளுக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். இதற்கு முன் கெட்டுப்போன எண்ணெய் எதையும் காய்ச்சும்போது நான் பக்கத்தில் இருந்ததில்லை. தம்பி தருமபுரியில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவான், அவனும் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். இந்த முறை நான் ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். இலையில் நீர் வடிந்துவிட்டது. அம்மி துடைத்து உலர்ந்திருந்தது. பாட்டில்கள் கூரையில் காய்ந்துகொண்டிருந்தன. எதிலும் குறை இல்லை. கிளறுகிற கை முன்பு போலவே, அவசரம் இல்லாமல், சட்டியின் ஓரத்தைத் தடவித் தடவிச் சுற்றியது. அந்த வாசனை எழுந்தபோது நான் அடுப்புக்கு எதிரில் பழைய இடத்தில் குந்திக்கொண்டேன். தம்பியும் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்து நின்றான்.

அம்மா "உஸ்" என்றாள்.

அப்பா டிவியை அணைத்தார். எவ்வளவு நாளாயிற்று! எனக்குப் பத்து வயது ஆனது போல இருந்தது. என்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா திரியை நனைத்துப் பற்றவைத்துக் காதோரம் பிடித்தாள். அப்பாவும் குனிந்து கேட்டார். சுடர் ஒரே சீராக நின்றது, ஒரு பொறி இல்லை. ஆனால் திரி வெடித்தது. பட், பட், பட்டென்று, கடுகு தாளிப்பது போல, கதவருகே நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி.

"ஆயிருச்சு. எறக்கலாம்" என்றாள் அம்மா.

"கம்முனு எரியுது" என்றார் அப்பா.

நான் அவர்களை மாறி மாறிப் பார்த்தேன். விளையாடுகிறார்களா? "அம்மா, வெடிக்குதே" என்றேன்.

"எங்கடி வெடிக்குது?"

"அக்கா சொல்றது நெசந்தாம்மா. வெடிக்குது" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் என்னாத்துக்கு என்னைய போட்டுக் கொழப்பறீங்க?" என்று அம்மா சட்டியை இறக்கக் கைத்துணியை எடுத்தாள். நான் எழுந்து அவள் முதுகுப் பக்கம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் இல்லை, சாதாரண மனுஷர்கள் பேசுகிற குரலில் சொன்னேன்.

"அம்மா, உன் முந்தானையில தீ பிடிச்சிருச்சு."

அம்மா திரும்பவில்லை. சட்டியின் காதைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க துண்டுலயும் பிடிச்சிருச்சு."

அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கதவை விட்டு உள்ளே வந்தான்.

அவர்களுக்கு எப்போது காது போனது என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? மில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆயுள், மலையேறும் எஞ்சினுக்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு ஆயுள். கத்திப் பேசுகிற வீட்டில் யாருக்குக் காது மந்தம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? போனில் அம்மா என்னைப் பேசவே விடமாட்டாள், அவளே மூச்சுவிடாமல் பேசிவிட்டு வைத்துவிடுவாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கிறாளா பார் என்று எத்தனையோ நாள் பொருமியிருக்கிறேன். தக்காளி விலையைப் பற்றி ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

முன்னால் வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றேன். "அம்மா, உனக்குக் காது கேக்கல."

"எனக்கா? இப்ப நீ பேசறது கேக்குதே?"

"நான் கத்தறேம்மா!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "எனக்கு நல்லா கேக்குது. இந்தக் காலத்துல எவனும் வாயத் தொறந்து பேசறதில்ல, அதான்" என்றார். அம்மா சட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். ஏதோ கணக்குப் போடுவது போல நெற்றி சுருங்கியது.

"அப்ப, திரி வெடிச்சிகிட்டுத்தான் இருந்துச்சா? இத்தன வருசமும்?"

"ஆமாம்மா. ஈரத்தோட எறக்கியிருக்க. அதான் கெட்டுச்சு."

"அப்ப எங்கையில ஒன்னுமில்ல?"

"ஒன்னுமில்ல. கை நல்லாத்தான் இருக்குது. காதுதான்."

அம்மா இரண்டு கைகளையும் விரித்துப் புரட்டிப் பார்த்தாள். கரிசலாங்கண்ணிக் கறை விரல் இடுக்கெல்லாம் இருந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "காதுதானா! அய்யோ சாமி, காதுதானா!" என்று முட்டிவலியை மறந்து எழுந்து, தெருவில் இறங்கி, அத்தை வீட்டு வாசலில் நின்று கூவினாள். "அண்ணீ! எனக்குக் காது போயிருச்சு! எங்கை நல்லாத்தான் இருக்குது! காதுதான் போயிருச்சு!" அத்தை பதறியடித்துக்கொண்டு வெளியே வந்து, காது போனவள் மிட்டாய் கொடுக்காத குறையாக நிற்பதைப் பார்த்து, புத்தியும் போய்விட்டதோ என்று என்னைச் சாடையில் கேட்டாள்.

எனக்குத்தான் தாங்க முடியவில்லை. மில் பக்கம் போய் நின்று அழுதேன். காது போனது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூன்று வருடமாக அவள் தன் கையை எப்படிப் பார்த்திருப்பாள் என்பதை நினைத்தபோது, அவள் சிரிப்பது நியாயம்தான் என்று பட்டது.

சட்டி மறுபடி தீயில் உட்கார்ந்தது. இந்த முறை திரியை அம்மா பிடித்தாள், நான் கேட்டேன். அவள் திரியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்தது. தலையசைத்தேன். கிளறினாள். மறுபடி திரி. இன்னும் வெடித்தது. அப்புறம் ஒரு திரி எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே சட்டியை இறக்கிவிட்டாள்.

மறுவாரம் இருவரையும் தருமபுரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். இருவருக்கும் காதில் மிஷின் வைக்க வேண்டும் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றாள் அம்மா. தனக்குத் தேவையே இல்லை என்றார் அப்பா. டாக்டர் அறைக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

ஆவணி வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் வைத்து அம்மா பாட்டிலைத் திறந்தாள். முகர்ந்தாள். எனக்கு நீட்டினாள், அத்தைக்கு நீட்டினாள், அதிலும் திருப்தி இல்லாமல் பந்தல்காரருக்கும் நீட்டினாள். அவர் என்னவென்று தெரியாமலே "நல்லா இருக்குதுங்க" என்றார். அதன் பிறகுதான் அவள் கிண்ணத்தில் ஊற்றினாள்.

தம்பியை மணையில் உட்காரவைத்தார்கள். மேளம் ஓய்ந்தது. அம்மா அருகம்புல்லை எண்ணெயில் தொட்டு அவன் உச்சியில் வைத்தாள். அப்புறம் புல்லைப் போட்டுவிட்டு, உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்தினாள். எண்ணெய் வைக்கிறவர்கள் மாப்பிள்ளையின் காதில் மெதுவாக வாழ்த்துவது வழக்கம். அவளும் குனிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கை கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன்டா சாமி. உனக்கு வெக்காமயே போயிருவனோன்னு எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா? உங்கப்பனாட்டம் இருடா. வேற ஒன்னும் வேணாம். மாவு மூஞ்சியோட வந்து உக்காந்தா, அந்த மனுசன் துண்டால தலைய தொடச்சு வுடுவாரு. ஒரு நாளு மொகஞ் சுளிச்சதில்ல. இத நான் அவருகிட்ட சொன்னதே இல்ல."

கடைசி வரிசையில் இருந்தவர்கள்வரை கேட்டது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதல் வரிசையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் சுற்றிலும் பார்த்தார்.

"என்னா சொல்றா அவ?"

"ஒன்னுமில்லீங்க" என்று கையை ஆட்டிச் சொன்னார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒன்னுமில்லாததுக்கா எல்லாரும் கண்ண தொடைக்கறீங்க?"

நான் போய் அவர் காதருகே குனிந்து, மில் ஓடும்போது கத்துவது போல, ஒரு வார்த்தை விடாமல் கத்திச் சொன்னேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி, அத்தைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை.

அப்பா எழுந்து, மணையைச் சுற்றிக்கொண்டு போய், அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாங்க? உங்களுக்கும் எண்ணெ வேணுமா?"

அவர் தலையைக் குனிந்து காட்டினார்.